பட்டத்தை மறைத்தால் ஐந்து வருடம் காணாமல் போகிறது

2024 பிப்ரவரியில், பெங்களூரு பொம்மசந்திராவில் இருந்த எங்கள் மருந்து ஆராய்ச்சிப் பிரிவை மூடினார்கள். எனக்கு 44 வயது. வேதியியலில் முனைவர் பட்டம், அந்த ஒரே நிறுவனத்தில் 11 வருடம். ஹெச்.ஆர். கூப்பிட்டு, ராஜினாமா கடிதத்தை அன்று மாலையே கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன். அதை வாங்கியது நல்லதாகப் போயிற்று.

முதலில் அம்மாவின் மருத்துவக் காப்பீடு. கம்பெனி குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. புது பாலிசி எடுத்தால் பழைய நோய்களுக்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறினால் குரூப்பில் இருந்த வருடங்கள் கணக்கில் வரும். பாலிசி நடப்பில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டேன்.

அடுத்து கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. அப்போதைய விதிப்படி, கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆலும் வேலை பார்த்த வருடங்களாலும் பெருக்க வேண்டும். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நானே கணக்குப் போட்டு எழுத்தில் கேட்டேன், வந்தது. பி.எஃப்.பில்தான் இழுபறி. வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதியவே இல்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்கு இரண்டு மாதம் கழித்து நாமே ஆதார் ஓ.டி.பி. போட்டுப் பதியலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வேலை தேடியதுதான் என்னை உடைத்தது. 'நீங்க ஓவர்குவாலிஃபைட் மேடம்' என்று மூன்று இடத்தில் சொன்னார்கள். சரி, பட்டத்தை எடுத்துவிடலாம் என்று ரெஸ்யூமேயில் முனைவர் வரியை நீக்கினேன். அடுத்த நேர்காணலில் முதல் கேள்வியே, 'எம்.எஸ்ஸி. முடிச்சு அஞ்சு வருஷம் என்ன பண்ணீங்க?' என்பதுதான். என்ன சொல்வது? இரவு இரண்டு மணிக்கு வேதிவினைகளைக் கண்காணித்த வருடங்கள் அவை. ஹலசூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அழுதேன். அன்றைக்கே அந்த வரியை மறுபடி சேர்த்தேன். அதை இனி எடுக்க மாட்டேன். ஒரு தனியார் பொறியியல் கல்லூரி மாதம் 38,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. வீட்டுக் கடன் தவணையே அதைவிட அதிகம்.

வழி காட்டியது லேபில் எனக்கு ஜூனியராக இருந்த பெண். 'அக்கா, நாம ஒவ்வொரு மூலக்கூறையும் பேட்டன்ட் படிச்சுத்தானே ஆரம்பிச்சோம், அதையே வேலையா பார்த்தா என்ன?' என்றாள். அக்டோபரில் ஒரு காப்புரிமை நிறுவனத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். புதிது என்று விண்ணப்பிக்கும் பொருள் இதற்கு முன் எங்காவது வெளிவந்திருக்கிறதா என்று தேடிச் சொல்ல வேண்டும். 2013இல் கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிய, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை இப்போது தினமும் புரட்டுகிறேன். தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குப் பலன் கூடினால்தான் காப்புரிமை என்கிறது அது. அந்தப் பலனை ஆய்வகத்தில் அளந்து பார்த்தவள் நான். இங்கே என் பட்டத்துக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

மற்றவர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆவதற்கான தேர்வுக்கும் படிக்கிறேன். இரண்டு தாளிலும் தலா 50 சதவீதமாவது வேண்டும், மொத்தத்தில் 60. அம்மா தூங்கிய பிறகு, பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் திறக்க முடிகிறது.