ஒரு விரலா, இரண்டு விரலா?

காபிக் கொட்டை வறுத்த புகை அறையைச் சூழ்ந்திருந்தது. நான் எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். கத்தோலிக்கன் என்றேன். உடனே இரண்டு விரல்களை உயர்த்தி, "ஹுலெத்?" என்றார். பிறகு ஒன்றை மடக்கிக்கொண்டு, "எங்களுக்கு அந்த்" என்றார். எத்தியோப்பியர்கள் பேசும் அம்ஹாரிக்கில் ஹுலெத் இரண்டு, அந்த் ஒன்று. கிறிஸ்துவை இரண்டாகப் பிரிக்கிறவனா நீ என்பதுதான் கேள்வி.

அடிஸ் அபாபாவுக்குக் கணக்கு ஆசிரியராக வந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் அப்பத்தா ஜெபமாலை உருட்டாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்தா இந்தக் கேள்வி?

இரவெல்லாம் படித்தேன். கி.பி. 451-இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம், கிறிஸ்து ஒரே ஆள், இறையியல்பு மனித இயல்பு என இரு இயல்புகளில் இருக்கிறார், அவை கலப்பதுமில்லை, பிரிவதுமில்லை என்று வரையறுத்தது. ரோம் ஏற்றது. எகிப்தியரில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் சொன்ன 'மனிதரான வார்த்தையின் ஒரே இயல்பு' என்பதையே பிடித்துக்கொண்டார்கள்; வார்த்தை என்றால் கிறிஸ்து. எத்தியோப்பியரும் அந்த வழிதான். தங்கள் திருச்சபைக்கு அவர்கள் வைத்திருக்கும் 'தெவாஹெதோ' என்ற பெயருக்கே ஒன்றாக்கப்பட்டது என்று பொருள். மனிதத்தன்மை இறைமைக்குள் கரைந்துபோயிற்று என்பதை அவர்களும் மறுக்கிறார்கள். என்னை உலுக்கியது அதுதான். இத்தனை நூற்றாண்டுப் பகை, சொல்லைப் பற்றியதுதானா?

மறுவாரம் அந்த அம்மா உலையில் பழுத்த இரும்பைச் சொன்னார். இரும்பும் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது, இரண்டையும் தனியே எடுத்துக் காட்டு பார்க்கலாம் என்றார். நான் கைப்பேசியில் எங்கள் வீட்டு முன்கட்டுத் தரையைக் காட்டினேன். அப்பா ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடிமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் தகட்டு அச்சை நிறுத்தி, கட்டத்துக்கொரு நிறமாகச் சிமென்ட் குழம்பை ஊற்றுவார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தூக்குவார். சிவப்பும் மஞ்சளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், ஆனால் குழம்பாது. முதுகில் மணலும் சிமென்டும் ஏறி, தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்த பின்னால் மஞ்சளை மட்டும் பெயர்த்தெடுக்க யாராலும் முடியாது. நானும் ஒரு முறை அச்சைத் தூக்கினேன். கை நடுங்கி மஞ்சள் வழிந்தது. அப்பா திட்டவில்லை. அந்தக் கல் இன்றும் எங்கள் கிணற்றடியில் கிடக்கிறது.

படத்தை வெகுநேரம் பார்த்த அம்மா, "கல் ஒன்றுதானே, லிஜே? பிறகு ஏன் எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டார். லிஜே என்றால் என் பிள்ளை. அன்றுதான் முதன்முதலாக என்னை அப்படி அழைத்தார்.

எண்ணுவதை நான் விடவில்லை. மனிதராகவே பசித்தார், அழுதார் என்பது எனக்கு முக்கியம். ஆனால் அப்பத்தாவின் 'சர்வேசுரனுடைய மாதாவே' என்ற விளிப்புக்குள் இருப்பது 431-இல் எபேசு சங்கம் உறுதி செய்த பட்டம். அது இந்த அம்மாவுக்கும் உரியது, பிரிவுக்கு முந்தையது. 1973-இல் போப் ஆறாம் பவுலும் எகிப்தின் கோப்துத் திருச்சபைத் திருத்தந்தை மூன்றாம் ஷெனூடாவும், கிறிஸ்துவின் இறைமை மனிதத்தைக் கண் இமைக்கும் நேரம்கூடப் பிரியவில்லை என்று சேர்ந்தே அறிக்கையிட்டார்கள்.

மூன்று ஆண்டுகளில் எல்லாம் பழகிவிட்டது. தோசை போன்ற இன்ஜெராவின் புளிப்பு பிடித்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோவிலுக்குள் போகும் மக்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. டிசம்பர் 25 மட்டும் பழகவில்லை. இங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல்தான். டிசம்பர் 25 அன்று வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போதே, எதிர்வீட்டு ஆச்சிக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோகச் சொல்லும் என் அம்மாவின் குரல் கேட்கிறது.

போன டிசம்பர் 25-இல் தேன்குழல் பிழிந்தேன். பக்கத்து வீட்டில் அப்போது நோன்புக் காலம், பாலும் வெண்ணெயும் ஆகாது. எண்ணெயே போதும் என்று மாவு பிசைந்து, தட்டை நீட்டினேன். பிற்பகல்வரை உண்ணக்கூடாது என்று துணியால் மூடி வைத்துக்கொண்டார்.

இரவு கதவு தட்டப்பட்டது. தட்டு திரும்பி வந்திருந்தது, நிறைய வறுத்த பார்லியோடு. வெறுந்தட்டைத் திருப்பித் தரக் கூடாதாம்.