உப்புக்காத்துதான் அண்ணை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் யாருக்கும் பெரிய நட்டம் எதுவும் வரவில்லை. கல்வெட்டு, அதுதான் இறந்தவர் நினைவாக அச்சடிக்கிற சிறு புத்தகம், குறித்த நாளில் அச்சாகி வந்தது, 31ஆம் நாள் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தார்கள், அச்சகக்கார அண்ணை இன்றைக்கும் என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்திச் சுகம் விசாரிப்பார். அவர் விசாரிக்கிறபோதுதான் எனக்கு அந்த 500 ரூபாவின் ஞாபகம் வரும்.

2015. அப்போது திருகோணமலையில் என்.சி. வீதிப் பக்கம் ஒரு கடையில் கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தேன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல், 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு அது முடிந்துவிட்டது, ஆனால் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கரும் பாமினி என்ற தமிழ் எழுத்துருவும் ஒரு பழைய லேசர் பிரிண்டரும் வைத்துப் பிழைக்கிற அச்சகக்கார அண்ணைக்கு அது ஒரு செய்தியே இல்லை. "இருக்கிறது ஓடுதுதானே தம்பி" என்பார். ஓடாமல் நின்ற அன்று ஓட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். சிஸ்டம் கோப்பு காணவில்லை அல்லது பழுதாகிவிட்டது என்று கறுப்புத் திரையில் நிற்கிறது, அதற்கு மேல் போகவில்லை.

ரிக்கவரி கொன்சோலுக்குள் போய், ரிப்பேர் கோப்புறையில் கிடக்கும் பழைய பிரதியை எடுத்து வைத்து எழுப்பியிருக்கலாம். எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஆறுதலாக இருந்து பார்க்க வேண்டும், கடையின் பழக்கம் வேறு: டி டிரைவில் வேலைகள் பத்திரமாக இருக்கின்றனவா, சரி, சி டிரைவை அழித்து எக்ஸ்பியைச் சீடியிலிருந்து புதிதாகப் போடு.

போட்டேன். நீலத் திரையில் மஞ்சள் கோடு பாதியளவு ஓடியபோது, இந்தக் கோப்பைப் பிரதி எடுக்க முடியவில்லை என்று வந்தது. என்டரைத் தட்டினால் திரும்ப முயலும், எஸ்கேப்பைத் தட்டினால் அந்தக் கோப்பை விட்டுவிட்டுப் போகும், ஆனால் விட்டால் விண்டோஸ் ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். என்டர். திரும்ப என்டர். சீடியை எடுத்துச் சேட்டில் துடைத்துப் போட்டேன், என்டர். சிலது ஏறியது, சிலது ஏறவில்லை. மத்தியானம் தாண்டிவிட்டது, முதலாளி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார், அச்சகக்காரர் வாங்கில் இருந்தபடி காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எஸ்கேப்பைத் தட்டினேன். மொத்தம் மூன்று தரம். பெயர்களை எழுதி வைக்கவில்லை. ஒன்று மட்டும் டிரைவர் கேப், பிரிண்டர் போன்றவற்றை இயக்குகிற டிரைவர்கள் எல்லாம் கட்டிவைத்த கோப்பு, என்பது ஓரளவு நிச்சயம், பெரிய பொதி என்பதால் கோடு அந்த இடத்தில் எப்போதும் நின்று நின்றுதான் போகும். மற்ற இரண்டும் என்னவென்று இன்றுவரை தெரியாது.

பிறகு எல்லாம் வந்தது. பேஜ்மேக்கர் போட்டு, டி டிரைவில் இருந்த கல்வெட்டைத் திறந்தபோது எம், கே, இரண்டு யு, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று முதல் வரி ஆங்கில எழுத்தாக நின்றது. பாமினியை ஏற்றிவிட்டுத் திறந்தேன், அதே இடத்தில் 'அமரர்' என்று வந்தது, கீழே ஓர் அம்மாவின் படம். அண்ணை என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டுப் பெரிதாக மூச்சு விட்டார்.

"எல்லாம் சரிதானே தம்பி?"

"ஓம் அண்ணை. பிரிண்டரை அங்க போய்ச் செருகுங்கோ, தானாப் பிடிக்கும்."

அந்தப் பதிலில் பொய் எங்கே இருக்கிறது என்று நான் பலமுறை தேடியிருக்கிறேன். திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அது சரியாக இருந்ததற்குக் காரணம் கடையின் சீடி இன்னும் டிரைவுக்குள்ளேயே இருந்தது, பொதி உள்ளே இல்லாவிட்டாலும் கேட்கிற டிரைவரைச் சீடியிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது. பானையில் அரிசி இல்லாத வீடு அடுத்த வீட்டில் கடன் வாங்கி உலை வைத்தால் புகையைப் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? ஆனால் நான் வீதியில் போகிறவன் இல்லையே, எஸ்கேப்பைத் தட்டியவன் நான்தானே.

அன்றிரவு எட்டரைக்குப் போன் வந்தது. "தம்பி, பிரிண்டரைச் செருகினா சீடி போடு எண்டு கேக்குது. என்ன சீடி?" கேட்ட உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. காலையில் அச்சுக்குப் பிளேட் அடிக்க வேண்டும், அதற்கு இரவே கல்வெட்டை ட்ரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்தாக வேண்டும். கடையைத் திறப்பித்து, இருந்ததிலேயே கீறல் இல்லாத இன்னொரு சீடியை எடுத்துக்கொண்டு போனேன். வாடைக்காற்று நல்ல வேகம், டொக்யார்ட் வீதியில் சைக்கிள் ஒரு பக்கமாகவே இழுத்தது.

சீடியைப் போட்டால் அதே கதை, பிரதி எடுக்க முடியவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சீடியில் பிழையில்லை. மூடியைக் கழற்றினேன். 256 எம்பி ரேம் இரண்டு, இரண்டிலும் பொன்னிறக் கால்கள் மங்கிப்போய், ஒன்றின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. கடற்கரை ஊரில் இந்தத் தொழில் பழகுகிறவன் முதல் வாரத்திலேயே படிக்கிற பாடம் இது, ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய். பீப் அடித்திருந்தால் நானும் தேய்த்திருப்பேன், அந்த மெசின் பீப் அடிக்கவில்லை. இப்படி அரைகுறையாகப் பழுதான ரேம் இருக்கிறதே, எல்லாவற்றையும் ஓடவிட்டு, கோப்புகளை அவிழ்க்கிற நேரத்தில் மட்டும் ஒரு எழுத்தை மாற்றிவிடும். அதனால்தான் ஒரே கோப்பு முதல் தரம் ஏறாமல் மூன்றாம் தரம் ஏறுகிறது. அப்படிப் பார்த்தால் என்டர் தட்டித் தட்டி ஏற்றியவையும் சரியாகத்தான் ஏறினவா?

அண்ணை மேசையில் இருந்த அழிறப்பரைத் தந்துவிட்டு டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார். தேய்த்துத் திரும்பச் செருகினேன், இரண்டு பக்கக் கொளுக்கியும் டக்கென்று விழுந்தன. ஐந்து நிமிடம் பிடிக்கவில்லை. சீடி ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடியது, பிரிண்டர் இருமிக்கொண்டு எழும்பியது.

"உப்புக்காத்து, என்ன தம்பி?"

"ஓம் அண்ணை. உப்புக்காத்துதான்."

கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே தந்தார். அது உண்மையும்கூட. உப்புக்காற்று இல்லாவிட்டால் ரேம் பூத்திருக்காது, ரேம் பூக்காவிட்டால் எஸ்கேப்புக்கு வேலையே இல்லை. ஆனால் அன்று பகல் நான் சந்தேகப்பட்டேன் என்பதும், சந்தேகத்தை வாயால் சொல்லவில்லை என்பதும் காற்றின் கணக்கில் போகாது. அவர் 500 ரூபாத் தாளை நீட்டி, "நேரம் காலம் பாக்காம வந்தீங்கள், வேற ஆரும் வந்திருக்க மாட்டினம்" என்றார். வேண்டாம் அண்ணை என்றேன். ஒரு தரம்தான் சொன்னேன். எங்கள் ஊரில் மூன்று தரம் சொன்னால்தான் அது மறுப்பு.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன், எஸ்கேப் கதையையும் சேர்த்து. இராத்திரி போனதற்குக் கூலி, வாங்கியது சரி என்றார். சில நாட்களில் எனக்கும் அப்படித்தான் படுகிறது, தூக்கத்தை விட்டுக் காற்றுக்குள் சைக்கிள் மிதித்தவன் நான். வேறு சில நாட்களில், சொல்லியிருந்தால் என்னதான் சொல்லியிருப்பேன் என்று யோசிப்பேன். "மூன்று கோப்பை விட்டுவிட்டுத்தான் தந்தேன்" என்றால், எந்த மூன்று என்று கேட்பார். தெரியாது என்பேன். அந்தப் பதில்தான் எனக்கு வெட்கம், காசு இல்லை என்று நினைக்கிறேன். ஒருவேளை காசும்தானோ.

விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கிற எஸ்எஃப்சி கட்டளையை ஓடவிட்டிருந்தால் விடுபட்டதில் கொஞ்சமாவது அகப்பட்டிருக்கும், சீடியும் கையில் இருந்தது. ட்ரேசிங் எடுக்க அவசரம் என்பதால் "நாளைக்கு வந்து முழுசாப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அந்த மெசின் மேலும் இரண்டு வருடம் ஓடியது, மற்ற இரண்டு கோப்புகளையும் யாரும் தேடவேயில்லை. நல்ல வேலையா, நல்ல காலமா என்று எப்படி வகுப்பது? அதற்குப் பிறகு கோப்பு ஏறவில்லை என்றால் ஒரு துண்டில் பெயரை எழுதி மெசினில் ஒட்டிவிடுவேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அதைக் கிழித்துவிட்டுத்தான் கொண்டுபோவார்கள்.

போன மாதம் மத்திய வீதியில் சைக்கிளை நிறுத்தினார், கூட அவருடைய மகன். இவர்தான் அன்றைக்கு இரவு வந்து கல்வெட்டைக் காப்பாற்றித் தந்தவர் என்று அறிமுகம். பெடியன் கொம்பியூட்டர் படிக்கிறானாம், ஆர்வமாகக் கேட்டான், "என்ன பிழை அண்ணா அண்டைக்கு?"

நான் வாயைத் திறக்கமுதல் அவரே சொன்னார், "உப்புக்காத்தடா."

நான் தலையை ஆட்டினேன்.