ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம், கைக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் தனிநபர், 2024 கணக்கு. நிலையான கழிவு 14,600 போக வரிக்கு உட்படுவது 85,400. இதற்கு மொத்தமாக 22% போட்டுப் பயந்துபோவதுதான் பலரும் செய்யும் தப்பு. முதல் 11,600க்கு 10%, அடுத்து 47,150 வரை 12%, அதைத் தாண்டியதற்கு மட்டுமே 22%. ஆக மத்திய வரி 13,841.

சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்குமான பிடித்தம் சேர்ந்து 7.65%. இது கழிவெல்லாம் பார்க்காது. முழுச் சம்பளத்துக்கும் 7,650. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அதனால் மிச்சம் 78,509. இரு வாரச் சம்பளமென்றால் 26ஆல் வகுக்கணும், 24ஆல் இல்லை: சுமார் 3,020.

401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் வரிக்கு முன் போடும் பணம் மத்திய வரியைக் குறைக்கும், அந்த 7.65%ஐத் தொடாது. பென்சில்வேனியா மாநிலம் இன்னும் கறார், அந்தப் பணத்துக்கும் சேர்த்தே தன் 3.07%ஐப் பிடித்துக்கொள்ளும்.