மஸ்டாங்குக்கு டிஃப்யூசர் மாட்டக் குளச்சல் படகுப் பட்டறை வரை போன கதை

"அப்படியே எடுத்து மாட்டிக்கலாம் சார், ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம்." போனில் இப்படி அடித்துச் சொன்ன சென்னைக் கடைக்காரர் மட்டும் கையில் கிடைத்தால்! ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரின் பின்பம்பருக்குக் கீழே ஒரு ஃபைபர் டிஃப்யூசரை ஏற்றி முடிப்பதற்குள் நாகர்கோவில், திருநெல்வேலி, குளச்சல் என்று அலைந்து போதும் போதும் என்றாகிவிட்டது. நம்ம மாவட்டத்தில் வேறு யாருக்காவது இந்த ஆசை இருந்தால், காசு அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

டிஃப்யூசரின் நிஜமான வேலை, காரின் அடியில் வேகமாக ஓடும் காற்றைப் பின்பக்கம் மெல்ல விரித்து வெளியே விடுவது. அதனால் அடியில் அழுத்தம் குறையும், கார் தரையோடு அழுந்தும். ஆனால் அதற்கு அடிப்பாகம் தட்டையாக மூடியிருக்க வேண்டும், ரேஸ் டிராக் வேகமும் வேண்டும். சாய்வு கூடிப்போனால் காற்று பிரிந்து அந்தப் பயனும் போய்விடும். நாம் வாங்குவது பம்பரின் கீழ்ப்பகுதியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைக்கிற, நாலைந்து துடுப்பு வைத்த பலகை, அவ்வளவுதான். முப்பந்தல் காற்றாலைப் பக்கம் குறுக்கே அடிக்கிற காற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. எனக்குப் பார்க்க நன்றாக இருந்தால் போதும் என்றுதான் ₹28,000 கொடுத்தேன்.

மாடலைக் கேட்டு வாங்குங்கள். 2016ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிடிக்குப் பின்னால் இரண்டு சைலன்சர் வாய். அமெரிக்காவில் 2018 மாடல் முதல் வந்த ஜிடிக்கு நான்கு. 'மஸ்டாங் டிஃப்யூசர்' என்று மட்டும் சொல்லிப் பணம் அனுப்பினால் எது வரும் என்பது அனுப்புகிறவர் மனசைப் பொறுத்தது. 2015–17க்கு உரியது என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன், சரியாகத்தான் வந்தது. வினை வந்தது வேறு வழியில்.

பெட்டி நீளமாம். கூரியர்க்காரர்கள் நாகர்கோவில் கிளைக்கு அனுப்ப மாட்டார்களாம், திருநெல்வேலி குடோனுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆரல்வாய்மொழி தாண்டிப் போய் நின்றால், "ஓடிபி சொல்லுங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். கடைக்காரர் என் நம்பருக்குப் பதிலாகத் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அவர் போனை எடுக்கவில்லை. ஆதார், பில், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் நீட்டினேன். ஒன்றையும் பார்க்காமல், "ஓடிபி இல்லாம சிஸ்டம் எடுக்காது சார்" என்ற ஒரே பாட்டு. பெட்டி எனக்கு ஐந்தடி தூரத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. வெறுங்கையோடு திரும்பினேன். மாலையில் கடைக்காரர் கூப்பிட்டு, "போன் சார்ஜ்ல இருந்துச்சு" என்றார்.

அடுத்த தடவை போகும்போது தெரிந்த பையனின் குட்டியானை லோடு வண்டியைக் கூட்டிக்கொண்டு போனேன், அந்தப் பெட்டி எந்தக் காருக்குள்ளும் நுழையாது. எடுத்துப் பார்த்தால் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரிக்கலாம் என்றார்கள். இங்கே ஒரு காரியம் செய்தேன், நீங்களும் மறக்காமல் செய்யுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'பெட்டி நசுங்கிய நிலையில் பெறப்பட்டது' என்று எழுதி, அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். கவுன்ட்டர்காரருக்கு முகம் மாறிவிட்டது. அந்த ஒரு வரிதான் கடைசியில் கை கொடுத்தது.

வீட்டுக்கு வந்து வீடியோ ஓடவிட்டுப் பிரித்தேன். இடது ஓரத்தில் ஸ்குரூ ஏறும் காது விண்டிருந்தது. பலகை முழுக்க லேசாக வளைந்தும் இருந்தது. கடைக்காரரிடம் சொன்னால் கூரியரைக் கேட்கச் சொன்னார். கூரியரில் கேட்டால், அனுப்பியவர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். வீடியோவை அனுப்பினேன். பெட்டியின் ஆறு பக்கமும் தெரியவில்லை என்று பதில் வந்தது.

சரி, இருப்பதை வைத்து மாட்டிவிடலாம் என்று ஒரு பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி கையில் வாங்கிப் பார்த்தார், பம்பரில் வைத்துப் பார்த்தார். "சோலி ஒண்ணுமில்ல அண்ணே, வெளிய இருந்து எட்டு ஸ்குரூ அடிச்சா நிக்கும்" என்று டிரில்லை எடுத்துவிட்டார். வளைந்த பலகையை இழுத்துப் பிடித்து பம்பரோடு சேர்த்து ஓட்டை போடுகிற யோசனை! மஸ்டாங் முழுசாக இறக்குமதியாகி வந்த வண்டி. போதாததற்கு 2021ல் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாகவும் அறிவித்துவிட்டது. பம்பரில் தப்பான இடத்தில் விழுகிற ஒரு ஓட்டை என்ன விலை என்று அவருக்குத் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன். பலகை தானாகப் பொருந்தி நிற்காதவரை யாரையும் டிரில்லைத் தொட விடாதீர்கள்.

நண்பன் ஒருவன்தான் கேட்டான், "மக்கா, ஃபைபர்னா கார் பட்டறைக்கு ஏன் போற? கடற்கரைக்குப் போ." அது எனக்குத் தோன்றவே இல்லை. குளச்சல் பக்கம் ஃபைபர் படகு பழுது பார்க்கிற ஒருவரிடம் பலகையைக் கொண்டுபோனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, பலகையை ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக் என்று கணீரென வந்த சத்தம், விண்ட காதுக்கு ஒரு சாண் முன்னாலேயே மந்தமாகிவிட்டது. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "இதுவரைக்கும் உள்ள விட்டிருக்கு. ஒரே ஒரு மேட்டுதான் வச்சிருக்கான் பாருங்க, மிச்சமெல்லாம் வெறும் ரெசின்." மேட்டு என்றால் கண்ணாடி இழைப் பாய், ரெசின் அதை இறுக்கிப் பிடிக்கிற பிசின். கண்ணுக்குத் தெரிந்தது காதில் இருந்த கீறல் மட்டும்தான். அந்தப் பட்டறையில் ஸ்குரூ அடித்திருந்தால் அது மெயின் ரோட்டில் விழுந்திருக்கும்.

பின்பக்கத்தைக் கோடு வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, மேட்டை வெட்டி வைத்து ரெசினை ஊற்றினார். சின்ன இரும்பு ரோலரால் காற்றுக் குமிழி ஒவ்வொன்றையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். அதன் மேல் இன்னொரு அடுக்கு, பிறகு இன்னொன்று. நம்ம ஊர்ச் சூட்டில், இறுக வைப்பதற்குச் சேர்க்கிற ஹார்ட்னர் கொஞ்சம் கூடினாலும் ரெசின் டப்பாவிலேயே இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கினார். வளைவுக்கும் வழி வைத்திருந்தார். சூடு காட்டி, கீழே கட்டை கொடுத்து, மேலே மணல் மூட்டை ஏற்றி, "நாளைக்கு வாங்க தம்பி" என்றார். மறுநாள் பலகை நேராகியிருந்தது. கூலி கேட்டால் அறுநூறு ரூபாய். இதற்கு முந்திய பட்டறையில் பார்த்ததற்கே ஐந்நூறு கேட்டார்கள்.

ஸ்குரூவும் அந்தப் பக்கமே வாங்கிவிடுங்கள். கடலோரக் கடைகளில் உப்பைத் தாங்குகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எஸ்.எஸ். 316, கிடைக்கும். சாதா முலாம் பூசிய ஸ்குரூ நம்ம உப்புக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாண்டாது, அதுவும் இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊர் இது. ஃபைபரில் அகலமான வாஷர் போட்டு, கையால்தான் முறுக்க வேண்டும். ஏர் கன் பிடித்தால் அந்த இடமே நொறுங்கும்.

பம்பரைக் கழற்றியது, பழைய கீழ்ப்பகுதியை எடுத்தது, அதிலிருந்த நடு விளக்கைப் புதுப் பலகைக்கு மாற்றிப் பொருத்தியது எல்லாம் இன்னொரு மெக்கானிக்கின் கையில் ஒரு காலையில் முடிந்தது. கிளிப்புகள் உடையும், பழையதை மாதிரி காட்டிக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு சைலன்சர் வாய்க்கும் பலகைக்கும் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. போதும் என்றார் மெக்கானிக். எனக்கு மனசு ஒப்பவில்லை. சைலன்சர் ரப்பரில் தொங்குகிற சாமான், சூடானால் நீளும், ஐந்து லிட்டர் வி8 எஞ்சின் உறுமும்போது ஆடவும் செய்யும். வீட்டில் அம்மா சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் கொஞ்சம் எடுத்து, சைலன்சர் வாயைச் சுற்றி நான்கு இடத்தில் பலகையின் ஓரத்தில் உருண்டையாக ஒட்டினேன். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஆக்சிலேட்டரை நாலு தடவை மிதித்து, அணைத்துவிட்டுப் பார்த்தால் மூன்று உருண்டை சும்மா இருக்கிறது. வலது மேல் உருண்டை தோசை மாதிரி நசுங்கியிருக்கிறது. "இது கொள்ளாமே!" என்று மெக்கானிக்கே சிரித்துவிட்டார். அந்த இடத்தை மட்டும் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுத்து, உள்பக்கம் அலுமினிய வெப்பத் தடுப்பு டேப் ஒட்டினோம். தேய்க்கும்போது முகத்துக்கு மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். ஃபைபர் தூசி தோலில் பட்டால் ராத்திரி தூக்கம் கிடையாது.

ஓரங்களுக்கு டபுள் டேப் ஒட்டுகிறவர்கள் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்கித் துடையுங்கள். சானிடைசரில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், டேப் பிடிக்காது. ஒட்டியபின் மூன்று நாள் வண்டியைக் கழுவாதீர்கள், முழுப் பிடிமானம் வர அவ்வளவு நேரமாகும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த வடிவிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு கேரள வழக்கில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் இதை மனசில் வையுங்கள். நான் அளவு, விளக்கு, நம்பர் பிளேட் எதையும் மாற்றவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய கீழ்ப்பகுதி பரணில் இருக்கிறது.

கடைக்காரரை விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்து, பில், வீடியோ, கையெழுத்துப் போட்ட தாளின் போட்டோ எல்லாம் ஏற்றினேன். அதுவரை கூரியரைக் கைகாட்டிக்கொண்டிருந்தவர் அன்றே கூப்பிட்டார். பொருளைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணம், வைத்துக்கொண்டால் ₹9,000 என்றார். ஒன்பதாயிரத்தை வாங்கிக்கொண்டேன். கூரியர்க்காரர்கள் மட்டும் இன்னும் 'உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று வாரம் தவறாமல் எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.