குங்குமப் பொட்டு வைத்த ஃபிரிட்ஜ்

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பிக்குப் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். விளக்கு எரிந்தது, குளிர் இல்லை. பால் திரிந்து போயிருந்தது. முந்தின நாள் அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு காய்கறித் தட்டு வரைக்கும் ஒழுகியிருந்தது. வந்து பார்த்த மெக்கானிக், கம்ப்ரஸர் போய்விட்டது, இந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் கிடைக்காது என்று சொல்லி, குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அதை நாங்கள் கடையில் வாங்கவில்லை. 2016இல் டோக்கியோவில் நிஷிகசாய்க்குக் குடிவந்த புதிதில், கோயம்புத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் சயோனாரா சேல் போட்டிருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் சாமான்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவதற்கு இங்கே புழங்கும் பெயர் அது. 5,000 யென் கொடுத்து எடுத்துக்கொண்டோம். அந்த அக்காவும் அதை ஒரு மதுரைக் குடும்பத்திடமிருந்துதான் வாங்கியிருந்தார். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில், கீழே கம்ப்ரஸர் இருக்கும் உயரத்தில், ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. எந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு யார் வைத்ததோ. சந்தனம் உதிர்ந்துபோய், குங்குமம் மட்டும் பெயின்ட்டுக்குள் இறங்கி, பழுப்புச் சிவப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நின்றிருந்தது. வருஷா வருஷம் என் பொட்டையும் அதன் மேலேயே வைத்தேன்.

ஜப்பானில் அதைத் தூக்கிப் போட நாங்கள்தான் காசு கொடுக்க வேண்டும் என்றதும் ஊரில் அம்மாவுக்குப் புரியவே இல்லை. "பழசை எடுத்துட்டுப் போறவன் நமக்குல்லடி காசு தரணும்?" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரிச்சம்பழம் என்று தெருவில் கூவுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வியாசர்பாடியில் எங்கள் வீட்டுப் பழைய டிவியை அப்பா காயலான் கடையில் போட்டது நினைவிருக்கிறது. நானும் கூடப் போனேன். கடைக்குப் பின்னால் என் வயசுப் பையன் ஒருத்தன் சுத்தியலால் ஒரு பிக்சர் டியூபின் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வயரைக் குவித்து எரித்தார்கள், உள்ளே இருக்கும் செம்புக்காக. அந்தக் கரும்புகை நாக்கில் கசந்தது. டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது ரொம்ப வருஷம் கழித்து. அப்பா கைக்கு வந்த காசில் அந்தப் பையனின் மூச்சும் சேர்ந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இங்கே 2001 ஏப்ரலிலிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ஏசி, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் நாலையும் குப்பையில் போடக் கூடாது. தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கிப் பிரித்தாக வேண்டும். அதற்கான செலவை, கழித்துக் கட்டுகிறவர் தர வேண்டும். ஃபிரிட்ஜ் என்றால் முதலில் குழாயில் இருக்கும் வாயுவை உறிஞ்சி எடுக்கிறார்கள். கம்ப்ரஸரைக் கழற்றுகிறார்கள். அப்புறம் பெட்டியை அரைத்து, இரும்பு, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் என்று பிரிக்கிறார்கள். எடையில் 70 சதவீதமாவது மறுபடி பயன்பாட்டுக்கு வந்தாக வேண்டும் என்பது கணக்கு. புதுசு வாங்கும் கடை பழசை எடுத்துக்கொள்ளும், ஆனால் கட்டணம் நம்முடையதுதான். நாங்கள் புதுசு வாங்கவில்லை; ஒசாகாவுக்கு மாறிப்போன ஒரு தோழி தன் ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டாள். பழசை விற்ற கடை எதுவென்று தெரியாது. அதனால் எல்லாம் எங்கள் தலையில் வந்தது.

வாரம் ஒருமுறை ஒரு மினி லாரி எங்கள் தெருவில் ஊர்ந்து வரும். ஒலிபெருக்கியில் பதிவு செய்த பெண் குரல்: வேண்டாத டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், எல்லாம் இலவசமாக எடுத்துக்கொள்கிறோம். வந்த முதல் வருஷம் எங்கள் வாஷிங் மெஷினை அப்படி ஒரு லாரியில் ஏற்றினோம். ஏற்றி, கயிறு கட்டி முடித்த பிறகு, ஏற்றுகூலி 12,000 யென் என்றான். எங்கள் அரைகுறை ஜப்பானிய மொழியில் வாதாடி, 8,000 கொடுத்து அனுப்பினோம். முறைப்படி போயிருந்தால் ரீசைக்கிள் கட்டணம் ஏறக்குறைய 2,500 யென், அதோடு எடுத்துப் போகும் செலவு, அவ்வளவுதான். வீட்டுக் குப்பையை எடுக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். இந்த மாதிரி லாரிக்காரர்கள் பெரும்பாலும் அது இல்லாதவர்கள். அந்த மெஷின் எந்த மலைச் சரிவில் கிடக்கிறதோ என்ற நினைப்பு இன்னும் வரும். காசு போனதைவிட அதுதான் உறுத்துகிறது.

இந்த முறை வார்டு ஆபீஸுக்குப் போன் செய்து, அவர்கள் சொன்ன வழியில் போனோம். ஃபிரிட்ஜ் கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் கம்பெனிப் பெயரும் கொள்ளளவும் இருக்கும். எங்களுடையது 355 லிட்டர். பெரிய கம்பெனிகளின் ஃபிரிட்ஜுக்கு அப்போது 170 லிட்டர் வரை 3,740 யென், அதற்கு மேல் 4,730. போஸ்ட் ஆபீஸில் ரீசைக்கிள் கட்டணச் சீட்டை நிரப்பிப் பணம் கட்டினேன். கவுன்டரில் இருந்த அம்மா கம்பெனிக் குறியீட்டு எண்ணை விரல் வைத்து இரண்டு தடவை சரிபார்த்தார். எடுத்துப் போக 3,300 யென். ஆக 8,030. நாங்கள் வாங்கிய விலையைவிட அதிகம்.

வந்த இருவரும் ஃபிரிட்ஜைப் போர்வையில் சுற்றுவதற்கு முன்னால், பெரியவர் சீட்டை ஒட்ட இடம் பார்த்தார். கை பொட்டுக்கு நேரே போய் நின்றது. "இது என்ன?" என்றார். பூஜையில் வைத்தது, மெஷினுக்கு நன்றி சொல்ல, என்று எனக்கு வந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, ஒரு சாண் தள்ளிச் சீட்டை ஒட்டினார்.

கட்டணம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிக்கிற வேலைக்கு யாராவது கூலி தரத்தான் வேண்டும். தராவிட்டால் அதை ஒரு பையனின் நுரையீரல் தரும். ஆனால் அந்தக் கட்டணத்தைக் கடைசியில் வாங்குவது சரியில்லை. ஃபிரிட்ஜைப் புதுசாக வாங்கி நல்ல காலத்தில் பயன்படுத்திய மதுரைக் குடும்பம் ஒன்றும் தரவில்லை, கோயம்புத்தூர் அக்காவும் தரவில்லை, மூன்றாவது கையாக வந்த நாங்கள் முழுசும் தந்தோம். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, முறையே அப்படி. இலவச லாரிக்கு ஆள் கிடைப்பதும் இதனால்தான். விமான டிக்கெட், பெட்டி, வீட்டு பாக்கி என்று ஓடும் கடைசி வாரத்தில் எட்டாயிரம் யென் கேட்டால் யாருக்கும் அந்த ஒலிபெருக்கி இனிமையாகத்தான் கேட்கும். இதே ஜப்பானில் கார் ரீசைக்கிள் கட்டணத்தை 2005 முதல் வாங்கும்போதே கட்டிவிடுகிறோம். 2003 அக்டோபருக்குப் பிறகு வீடுகளுக்கு விற்ற கம்ப்யூட்டர்களின் விலையிலேயே அது சேர்ந்திருக்கிறது. அதைக் காட்டும் குறி கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தால் கம்பெனி மேல்காசு கேட்காமல் எடுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜுக்கும் அப்படியே செய்யலாம்.

சின்னச் சாமான்களில் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் பழைய செல்போன் இரண்டை 2018இல் சேகரிப்புப் பெட்டியில் போட்டோம். அப்படிச் சேர்ந்த 62 லட்சம் போன்களும் மற்ற சாமான்களும்தான் டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்கள் ஆயின. அவற்றிலிருந்து 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். மகள் டிவியில் பதக்கம் தரும்போதெல்லாம் "நம்ம போன்" என்று கத்துவாள்.

சீட்டில் ஒரு எண் இருக்கிறது. அதை இணையத்தில் போட்டால் ஃபிரிட்ஜ் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். தினம் ராத்திரி போட்டுப் பார்த்தேன். ஒருநாள் போய்ச் சேர்ந்த தேதியைக் காட்டியது. அதைப் படமெடுத்துக் கோயம்புத்தூர் அக்காவுக்கு அனுப்பினேன். "பொட்டு இன்னும் இருந்துச்சா?" என்று கேட்டார்.

தோழி தந்த ஃபிரிட்ஜுக்கு இந்த அக்டோபரில் பொட்டு வைத்தபோது, ஒரு கவரில் 8,000 யென் போட்டு, லிட்டர் கணக்கையும் கம்பெனிப் பெயரையும் மேலே எழுதி, கதவின் உள்பக்கம் டேப் வைத்து ஒட்டிவிட்டேன். நாங்கள் போகும்போது ஃபிரிட்ஜை வாங்குகிறவர்களுக்கு அந்தக் கவரும் சேர்ந்துதான் போகும்.