ஏழு மணி மாத்திரை

செப்டம்பர் 17, 2025, புதன், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

புரட்டாசி முதல் நாள். பாத்திரமெல்லாம் மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் போன் வந்தது. பேசியது எப்போதும் பேசும் சிஸ்டர் இல்லை, வேறு யாரோ ஒரு பெண். சர்க்கரையும் சிறுநீரக நோயும் உள்ள அத்தை சேர்ந்திருந்த மருந்து ஆய்வு முன்கூட்டியே முடிகிறதாம். நாளையிலிருந்து மாத்திரை வேண்டாமாம். மீதி மாத்திரையையும் காலி டப்பாக்களையும் அக்டோபர் 9 அன்று கொண்டு வர வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன், கடிதம் வரும் என்றாள். பதினான்கு மாதம் தினமும் போட்ட மாத்திரை, இரண்டு நிமிடப் பேச்சில் முடிந்துவிட்டது.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 18

காலை ஏழு மணிக்கு அத்தை போனில் அலாரம் அடித்தது. தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் சொன்னேன். டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, "நான் என்னா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார்.

ஒரு தப்பும் இல்லை அத்தை என்றேன். நம்பவில்லை. போன மாதம் ஒரு நாள் மாத்திரையை மறந்து மதியம் போட்டோமே, அதை நீ கார்டில் எழுதிவிட்டாயே, அதனால்தானா என்று மறுபடி மறுபடி கேட்கிறார். ஆமாம், எழுதினேன். எழுதச் சொல்லித்தானே கார்டு கொடுத்தார்கள்.

செப்டம்பர் 19

எதிர்வீட்டு சிஸ்டர் அக்கா வந்தார். இந்த ஊரில் இருபது வருடமாக ஆய்வு வேலைதான் பார்த்தவர். ஆய்வு நிற்பது பெரிய அதிசயம் இல்லை, ஆனால் எதனால் நின்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். எது மருந்து, எது மருந்தே இல்லாத சும்மா மாத்திரை என்று நமக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஆய்வுக்கு வெளியே ஒரு குழு இருக்கும். மருந்து போட்டவர்கள், சும்மா மாத்திரை போட்டவர்கள் என்று இரண்டு பக்கக் கணக்கையும் பிரித்துப் பார்க்க அந்தக் குழுவுக்கு மட்டும்தான் உரிமை. இன்ன இன்ன கட்டத்தில் பார்ப்போம், இவ்வளவு வித்தியாசம் தெரிந்தால் நிறுத்தச் சொல்வோம் என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுவார்களாம்.

2008இல் இதே டர்பனில் நடந்ததைச் சொன்னார். காசநோயும் எச்ஐவியும் சேர்ந்து இருந்த 642 பேர். காசநோய் மருந்து முழுவதும் முடிந்த பிறகுதான் எச்ஐவி மருந்து என்று ஒரு பிரிவு, இரண்டையும் சேர்த்தே கொடுப்பது என்று இன்னொரு பிரிவு. குழு பார்த்தது. சேர்த்துக் கொடுத்த பக்கம் சாவு 56 சதவீதம் குறைவு. அந்தச் செப்டம்பரிலேயே காத்திருக்கும் பிரிவை நிறுத்தி, அவர்களுக்கும் மருந்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். "அது நல்ல நிறுத்தம்" என்றார்.

அப்புறம் ஊஹாம்போ. சூலுவில் பயணம் என்று அர்த்தம். எச்ஐவி தடுப்பூசி ஆய்வு, 5407 பேர், எல்லாரும் இந்த நாட்டுக்காரர்கள். 2020 ஜனவரியில் கணக்கைப் பிரித்தால், ஊசி போட்டவர்களில் 129 பேருக்குத் தொற்று, சும்மா ஊசி போட்டவர்களில் 123 பேருக்கு. பயனில்லை என்று நிறுத்தினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று தனக்குச் சோறு இறங்கவில்லை என்று சிஸ்டர் அக்கா சொன்னபோது குரல் மாறிவிட்டது.

அத்தையுடையது எந்த நிறுத்தம்?

செப்டம்பர் 20, முதல் சனிக்கிழமை

நீர் கோத்திருக்கிறதா என்று அத்தை கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. பத்து வரை எண்ணினேன், குழி அப்படியே இருந்தது. பகல் முழுவதும் வடை, பொரியல், பருப்பு என்று நின்றுகொண்டே இருந்தார், அதனாலும் இருக்கலாம். இதற்கு முன்னால் நான் அழுத்திப் பார்த்ததே இல்லை. அதனால் இது புதிதா பழையதா என்று எனக்கு எப்படித் தெரியும்.

செப்டம்பர் 21, விடியற்காலை 2 மணி

படித்திருக்கக் கூடாது. 2012இல் பார்டாக்சலோன் என்று ஒரு மருந்து. சர்க்கரை நோயால் சிறுநீரகம் நான்காம் கட்டத்துக்குப் போன 2185 பேர். அந்த மருந்து போட்டவர்களுக்குச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு, அந்த இஜிஎஃப்ஆர், ஏறியது. காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அதே ஆட்களுக்கு உடம்பில் நீர் கோத்து இதயம் தளர்ந்தது. அக்டோபரில் நிறுத்தினார்கள்.

அத்தைக்கு அந்தக் கணக்கு ஆரம்பத்தில் 38. ஜூலையில் 41. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். இப்போது அந்த 41ஐ நினைத்தாலே பயமாக இருக்கிறது.

எழுந்து போய்ப் பார்த்தேன். தூங்குகிறார். மூச்சு சீராகத்தான் இருக்கிறது. தலையணை ஒன்றுதான், நீர் கோத்தால் மூச்சு முட்டி இன்னும் ஒன்று கேட்பார்களாம்.

செப்டம்பர் 22

ஹடீடா பறவைகள் கத்தி எழுப்பின. வெளிச்சம் வந்ததும் மனசு கொஞ்சம் தெளிந்தது. 2023 அக்டோபரில் செமாகுளூடைடு என்ற சர்க்கரை மருந்தின் ஆய்வும் பாதியில்தான் நின்றது. இரண்டாம் வகைச் சர்க்கரையும் சிறுநீரக நோயும் உள்ள 3533 பேர், அப்படியே நம் அத்தை மாதிரி. மருந்து வேலை செய்கிறது, இனிமேல் காத்திருக்கத் தேவையில்லை என்பதால் நிறுத்தினார்கள். சிறுநீரகம் பழுதாவது, இதய நோயால் சாவது, எல்லாம் சேர்த்து 24 சதவீதம் குறைவு. இதுவும் அப்படித்தான் இருக்கும். நல்ல செய்தி என்றால் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுப்பார்கள், இல்லையா.

அத்தையிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். கொலுவுக்குப் படி அடுக்க ஆரம்பித்தோம்.

செப்டம்பர் 24, விடுமுறை

நாத்தனார் ஜோபர்க்கிலிருந்து வந்திருக்கிறாள். தெரு முழுவதும் இறைச்சி சுடும் புகை, நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாம்பார் சாதம் சாப்பிட்டோம். "அண்ணி, இலவசமாத்தானே பார்த்தாங்க, முடிஞ்சா முடிஞ்சது, விடுங்க" என்றாள். இலவசமா? மாதம் ஒரு தடவை எட்டு குப்பி ரத்தம் கொடுத்தார் அத்தை. 24 மணி நேரச் சிறுநீரைப் பெரிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, அதை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் போனார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவளிடம் காட்டவும் இல்லை, பிள்ளைகள் இருந்தார்கள்.

ஆனால் அவள் சொன்னதில் ஒன்று உண்மை, நன்றாகப் பார்த்தார்கள். ஆய்வு நடந்த இடத்தில் அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். டீ கொடுப்பார்கள். மறுபடி அரசு மருத்துவமனை என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசை, பிளாஸ்டிக் நாற்காலி, மதியம் மாத்திரைக்கு இன்னொரு வரிசை. அத்தை அழுவது மாத்திரைக்காக இல்லை, இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

செப்டம்பர் 26

சிஸ்டர் அக்காவின் சொந்தக் கதை இன்றுதான் தெரிந்தது. இந்த வருடம் ஜனவரிக் கடைசியில் அமெரிக்க உதவிப் பணத்தை அங்குள்ள புது அரசு நிறுத்தியது. அந்த நாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் பணத்தில் நடந்த ஆய்வுகளுக்கு உடனே வேலையை நிறுத்து என்று உத்தரவு. இங்கே பெண்கள் உடம்புக்குள் வளையத்தோடு இருந்தார்கள், எச்ஐவியும் கருவும் உண்டாகாமல் தடுக்கும் சோதனை வளையம். மருந்தில் கோளாறு இல்லை, குழுவும் எதுவும் சொல்லவில்லை, பணம் நின்றது, அவ்வளவுதான். வளையத்தை உள்ளேயே விட்டுவிட முடியுமா? கூப்பிட்டு எடுத்தார்கள். அக்காவுக்கும் அந்த மாதத்தோடு வேலை போனது.

அதற்கு ஏழு மாதம் முன்னால்தான், அதாவது 2024 ஜூனில், இதே நாட்டிலும் உகாண்டாவிலும் எச்ஐவியைத் தடுக்கும் லெனகாபவிர் ஊசி போட்ட 2134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அந்த ஆய்வையும் குழு பாதியில் நிறுத்தச் சொன்னது, எல்லாருக்கும் அந்த ஊசியையே கொடுக்கலாம் என்று. சேதி வந்த அன்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஆடினோம் என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்தது.

செப்டம்பர் 27, இரண்டாம் சனி

கோயிலில் பிரசாதம் வாழைப்பழம். பொட்டாசியம் ஆகாது என்று அத்தை கையிலிருந்து நானே வாங்கி வைத்துவிட்டேன். எத்தனை வருடமாக இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறேன். சர்க்கரையைக் குறை, சோற்றைக் குறை.

ராத்திரி அக்கார்டு என்ற ஆய்வைப் பற்றிப் படித்தேன். 10,251 பேர், சர்க்கரையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் இதயத்துக்கு நல்லதா என்று பார்த்தார்கள். 2008 பிப்ரவரியில் அந்தக் கடுமைப் பிரிவை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் 257 சாவு, சாதாரணப் பக்கம் 203. படித்ததும் கை சில்லிட்டது. அந்நேரத்துக்கு சிஸ்டர் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். அது பல மருந்துகளைக் குவித்து மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கான எச்பிஏ1சியை 6க்குக் கீழே இறக்கப் பார்த்த ஆய்வு, நீ சோற்றில் ஒரு கரண்டி குறைப்பதோடு அதைச் சேர்க்காதே, தூங்கு என்று பதில் போட்டார்.

குழி இன்று ஏழு எண்ணுவதற்குள் மறைந்தது.

செப்டம்பர் 30

தபால் இல்லை.

அக்டோபர் 2, சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள்

கடிதம் வந்தது. ஒரே பக்கம். பாதுகாப்புக் காரணத்தால் அல்ல. பயனின்மையாலும் அல்ல. நிறுவனம் தன் முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டதால். "உங்கள் விலைமதிப்பற்ற பங்களிப்புக்கு நன்றி."

மூன்று தடவை படித்தேன். முதலில் நிம்மதி வந்தது, உண்மையாகவே வந்தது, இதயம் தளர்ந்து நிறுத்தவில்லை, நீர் கோத்து நிறுத்தவில்லை. அது கொஞ்ச நேரம்தான். அத்தைக்குத் தமிழில் சொன்னேன். வியாபாரக் காரணம் அத்தை, கம்பெனிக்கு வேண்டாமாம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ என் ரத்தம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்து கெடுதல் என்று தெரிந்து நிறுத்தியிருந்தால் அடுத்தவருக்கு அது போகாது. பயனில்லை என்று நிறுத்தியிருந்தால் அதுவும் ஒரு விடை, ஊஹாம்போவில் இருந்தவர்கள் அந்த விடையையாவது கொடுத்தார்கள். இதில் அத்தை ரத்தம் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லாமல் ஏதோ ஒரு குளிர்பெட்டியில் கிடக்கிறது. ஆட்களைச் சேர்க்கும்போது உங்கள் ஊர்க்காரர்களுக்கும் வரப்போகும் பிள்ளைகளுக்கும் உதவும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அத்தை அதற்காகத்தான் போனார். அவருடைய அப்பா இதே சர்க்கரையில் காலை இழந்து செத்தவர்.

அக்டோபர் 3

ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 19 பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அத்தையின் சின்னக் கையெழுத்து, நடுக்கத்தோடு. 14ஆம் பக்கத்தில் இருக்கிறது: எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தலாம். அந்தப் பக்கத்தை அன்று அவருக்குப் படித்துச் சொன்னது நான்தான். வேகமாகப் படித்தேன்.

அக்டோபர் 6

மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினேன். 23. வெள்ளை, நீள்வட்டம், ஒரு பக்கம் கோடு. ஒன்றை நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன், கசந்தால் மருந்து என்று. வைக்கவில்லை. 23ஐயும் திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன்.

அக்டோபர் 9, வியாழன்

போய் வந்தோம். எடை, ரத்த அழுத்தம், ஐந்து குப்பி. எங்கள் பழைய சிஸ்டர் இருந்தார், அத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இஜிஎஃப்ஆர் 40. மாத்திரையை எண்ணி, 23 என்று எழுதினார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். கணக்கெல்லாம் மூடிய பிறகு எழுத்தில் தெரிவிப்பார்களாம், எப்போது என்று அவருக்கும் தெரியாது. ரத்தத்தைப் பற்றி அத்தை தானே இங்கிலீஷில் கேட்டார். நான் கேட்கவில்லை, அவரே கேட்டார். சிஸ்டர் பேனாவை எடுத்து அந்தக் கேள்வியை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அனுப்புகிறேன் என்றார்.

வழியெல்லாம் ஜகரந்தா உதிர்ந்து கிடந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை.

அக்டோபர் 11, கடைசிச் சனி

இலை வாங்க இவர் நாலு மணிக்கே வார்விக் சந்தைக்குப் போய்விட்டார். ஏழு மணிக்கு அலாரம் அடித்தது. அணைக்கட்டுமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார் அத்தை, பருப்பைக் கிண்டிக்கொண்டே. இன்று இலையில் அரை வாழைப்பழம் வைக்கப் போகிறேன், சிஸ்டர் அக்காவிடம் கேட்டுவிட்டேன்.