செல்களுக்கு வாசிக்கத் தெரியுமா?

நரம்பு செல்களை வளர்ப்பது என் வேலை. 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கரியமில வாயு, குறித்த நேரத்தில் ஊட்டக்கரைசல் மாற்றம் என்று நாள் ஓடும். இந்த செல்களை வைத்துக் கச்சேரி செய்ய வேண்டும் என்று ஓர் இசைக்கலைஞர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். எனக்குக் கரைசலைப் பற்றித்தான் கவலை. செல்களை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரை விட்டு வெளியே வந்தால் கரியமில வாயு வெளியேறி, செந்நிறக் கரைசல் ஊதா பக்கம் சாயத் தொடங்கும்; அது செல்களுக்கு ஆகாது. ஒத்திகை நீள்வதைப் பற்றி இசைக்காரர்கள் கவலைப்படுவதில்லை, நான் பட்டேன்.

செல்கள் வளர்வது, அடியில் 60 மின்முனைகள் பதித்த சின்னக் கண்ணாடித் தட்டில். ஒரு செல் துடித்தால் மின்முனையில் தெரிவது சில பத்து மைக்ரோவோல்ட், அதுவும் ஒரு மில்லிநொடி அளவுக்குத்தான். பெருக்கி ஸ்பீக்கரில் விட்டால் வெறும் 'டிக்'. இளம் தட்டில் இந்த டிக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். சில வாரங்களில் செல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டபின், தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல் எல்லாம் சேர்ந்து வெடித்துவிட்டு சட்டென்று அடங்கும்.

முதல் நாள் கலைஞர் கண்மூடி ரசித்த ஆழ்ந்த ரீங்காரம் செல்களுடையது அல்ல, மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். எர்த் இணைப்பைச் சரிசெய்ததும் அது போய்விட்டது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

துடிப்பை எடுத்து சிந்தசைசருக்குக் கொடுத்துவிட்டு 'செல்கள் இசைக்கின்றன' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த மின்முனை எந்தச் சுரத்தைத் திறக்கும் என்று தீர்மானிப்பவர்தானே இசையமைப்பாளர்! 2015இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கை பென்-ஆரி (Guy Ben-Ary) என்ற கலைஞர் அரங்கேற்றிய 'செல்எஃப்' என்ற நரம்பு செல் இசைக்கருவி இதைத் தாண்டியது. தன் தோல் செல்களை ஸ்டெம் செல்களாக்கி, அவற்றிலிருந்து நரம்பு செல்களை உருவாக்கி, அனலாக் சிந்தசைசர்களோடு இணைத்தார். டிரம்மர் டேரன் மூரின் வாசிப்பு மின்தூண்டலாகத் தட்டுக்குள் போனது; பதில் துடிப்பு ஒலியாக வெளியே வந்தது. திரும்பிப் போகும் அந்தப் பாதை இருந்தால்தான் உடன் வாசிப்பது என்ற பேச்சுக்கே இடமுண்டு.

நாங்களும் அந்தப் பாதையை அமைத்தோம். தூண்டல் கொடுத்த கணத்தில் துடிப்பைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் திணறிவிடும். அது தெளிந்த பிறகு வருவதை மட்டுமே கணக்கில் எடுக்கலாம். பதில் சில முறை வரும், சில முறை வராது. பெருவெடிப்பு முடிந்த கையோடு தூண்டினால் பெரும்பாலும் மௌனம்தான். எங்கள் கலைஞர் அந்த இடைவெளிக்குத் தக்கபடி வாசிக்கப் பழகிக்கொண்டார். இப்போதெல்லாம் கச்சேரித் தேதி குறிக்கும் முன் தட்டின் வயதை விசாரிக்கிறார்.